பதிமூன்றுக்குப் பிறகு ஒன்று

மார்த்தாண்டம் மேம்பாலத்தில்
பஸ் போகும்போதெல்லாம்
எங்கள் கடைக் கண்ணாடி லேசாகப் பல் கடிக்கும்.
இரண்டாம் மாடி, குழந்தைகள் காலணி.
யூனிஃபார்மில் என் பெயர்: விஜிலா.
அதற்குக் கீழே போன வருஷம் ஒட்டிய கட்டம்,
எறும்பு மொய்த்த கற்கண்டு மாதிரி.
போனைக் காட்டினால் ஆப் இறங்கும்.

இனிமேல் கடை வேறு, ஆப் வேறு இல்லை என்றார்கள்
வகுப்பெடுக்கக் கொச்சியிலிருந்து வந்தவர்கள்.
ஒரே சரக்கு, இரண்டு வாசல்.
கையால் விற்றால் எனக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய்.
ஆப் இறக்கிக் கொடுத்தால் பத்து.
ஆப்பில் விற்றால்
அது யாரும் விற்றதில்லை.

இனயத்திலிருந்து டெல்பின் வந்தாள், மகளோடு.
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் புதுநன்மை.
கவுன் தைத்தாயிற்று.
மெழுகுதிரி வளையாமலிருக்க
அரிசிப் பானைக்குள் நட்டு வைத்தாயிற்று.
வெள்ளை ஷூதான் பாக்கி.

நான் மண்டியிட்டேன்.
கோயிலுக்கு வெளியே நான் மண்டியிடும் ஒரே இடம் இது.
பதினொன்று கடித்தது.
பன்னிரண்டில் பெருவிரல் மடங்கியது.
பதிமூன்று, கடைசி ஜோடி:
பிள்ளை எழுந்து, கைகூப்பி,
கண்ணாடிவரைக்கும் பீடத்துக்குப் போவதுபோல் போனாள்.

"எவ்வளவு?"
"எண்ணூற்றித் தொண்ணூற்றொன்பது. ஆப்பில எழுநூற்றி நாப்பது."
"இஞ்ச கெடக்குத இதேதானா?"
"இதேதான்க்கா."
என்னைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள்,
பிள்ளையின் காலைத் தூக்கி அடிப்பாகத்தையும் பார்த்தாள்,
அந்த நூற்றைம்பத்தொன்பது ரூபாய்
அங்கே ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று.

கடை வைஃபையில் ஆப் இறங்கியது.
ஓடிபி அனுப்பிவிட்டதாகச் சொன்னது.
வரவில்லை.
"இதுல சிம்மு இல்ல பிள்ளே,
மொவளுக்க ஆன்லைன் கிளாசுக்கு வாங்குனது.
நான் குடுத்தது அவருக்க நம்பரு."
"கூப்பிட்டுக் கேளுங்க."
"அவரு கடல்ல."

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போய் ஏழு நாள்.
ஆறு எண்கள்
துறைமுகச் சுவர்வரைக்கும் போய்
தண்ணீரைப் பார்த்து நின்றிருக்கும்.

மானேஜர் சாப்பிடப் போயிருந்தார்.
என் நம்பரைப் போட்டேன்.
என் பையில் போன் குலுங்கியது.
'கடையில் பெற்றுக்கொள்கிறேன்' என்பதை அமுக்கினேன்.

அதன்பிறகு எல்லாம் முறைப்படி.
பிள்ளையின் காலிலிருந்து கழற்றினேன்,
பெட்டியில் வைத்தேன்,
பதினோரு எட்டு நடந்தேன் ஆர்டர் மேசைக்கு.
அங்கே நிற்க வேண்டிய சுஜினுக்கு அன்றைக்கு லீவு.
மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று
திரையில் வந்த பெயரை உரக்கக் கூப்பிட்டேன்:
"விஜிலா!"
டெல்பினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
"நான்தான்" என்றாள்.
என் பெயரை அவளே கையெழுத்தாகப் போட்டாள்,
ஜி-யில் ஒரு சுழி கூடுதலாக.

அந்த மாதம் எனக்குப் பத்து ரூபாயும் ஏறவில்லை.
ஊழியர் நம்பரில் திறந்த ஆப் கணக்கில் வராதாம்.

அது போன மே.
நேற்று ராத்திரி, குழித்துறைப் பாலத்தைப் பஸ் தாண்டும்போது
போன் குலுங்கியது.
"விஜிலா, உங்கள் செல்லத்தின் கால்
இந்நேரம் வளர்ந்திருக்குமே!"
எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்.
வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு.
இரண்டும் பெரியவை.

பதிமூன்றுக்கு அடுத்த அளவைக் காட்டியது.
எங்கள் தொழிலில் அதற்குமேல் பதினாலு கிடையாது,
திரும்பவும் ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும்.
ஆப்பை அழிக்க விரலை வைத்து
எடுத்துவிட்டேன்.

நிறம் எதுவென்று கேட்டது.
வெள்ளை வேண்டாம், நீலம்.